இரண்டாம் கண்ணி எங்கே உட்காரும்? – இசைக்குறிப்பு மென்பொருளும் கரையோரப் பாட்டும்

பாட்டை அச்சில் ஏற்றும்போது முதல் கண்ணிக்கு மட்டும் ஸ்வரம் போட்டுவிட்டு மிச்சக் கண்ணிகளை 'இவையும் இதே மெட்டில்' என்று பக்கத்தின் கீழே அடுக்கிவிடுகிறோம். காகிதச் செலவைக் குறைக்கிற காரியமாகத்தான் இது பார்க்கப்பட்டு வந்திருக்கிறது. அப்படியில்லை. எந்தச் சொல் எந்த ஸ்வரத்தின் கீழே உட்காரலாம், எந்தச் சொல் வெளியே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்கிற காரியம் அது. நம்ம ஊர்ப் பந்தியில் யாரை முதல் வரிசையில் உட்கார வைப்பது என்பது எப்படி வெறும் இலை போடுகிற விஷயமாக இருந்ததில்லையோ, அப்படித்தான் இதுவும்.

இதை இப்போது பேச வேண்டியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கத்து இருளர் பாட்டையும் மீனவர் பாட்டையும் பதிந்து புத்தகமாக்க நினைக்கிற யாருக்கும் இன்று காசில்லாமல் மென்பொருள் கிடைக்கிறது. மியூஸ்ஸ்கோர் இருக்கிறது, லில்லிபாண்ட் இருக்கிறது. முன்பெல்லாம் இசைக்குறிப்பு அச்சிட வேண்டுமானால் தனி அச்செழுத்து வார்க்க வேண்டும். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வர, ஜமீன் கஜானா திறக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு மடிக்கணினி போதும். கருவி கைக்கு வந்துவிட்டது, நல்லது. ஆனால் கருவிக்குள் யாருடைய பாட்டு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்காமல் அதைத் திறப்பது சரியில்லை.

மியூஸ்ஸ்கோரில் முதலில் ஸ்வரங்களை வைக்க வேண்டும். பிறகு ஒரு ஸ்வரத்தைத் தொட்டு அதன் கீழே சொல்லைத் தட்ட வேண்டும். இடைவெளிப் பட்டையை அழுத்தினால் அடுத்த ஸ்வரத்துக்குத் தாவும். சொல் முடியாமல் நடுவில் உடைந்தால் சிறுகோடு. ஒரு அசை பல ஸ்வரங்களுக்கு நீண்டால் அடிக்கோடு. 'என்டர்' அழுத்தினால் இரண்டாம் கண்ணி, முதல் கண்ணிக்குக் கீழே. 1996இல் தொடங்கிய லில்லிபாண்டில் எல்லாமே எழுத்துக் கட்டளை. அதில் ஸ்வரத்துக்கு ஒரு பெட்டி, சொல்லுக்கு ஒரு பெட்டி. சொற்பெட்டியை ஸ்வரப்பெட்டியோடு பிணைத்தால் ஒவ்வொரு அசையும் தன் ஸ்வரத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஸ்வரத்தை வளைகோட்டால் கட்டியிருந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அசை. இரண்டாம் கண்ணியில் அந்த இடத்தில் இரண்டு அசை வந்தால்? அதற்கும் ஒரு கட்டளை உண்டு: 'இக்னோர்மெலிஸ்மேட்டா', அதாவது அந்தக் கட்டைக் கண்டுகொள்ளாதே. கண்ணிகள் அதிகமானால் தாளின் அடியில் தனிப் பத்தியாக, ஸ்வரமில்லாமல், வெறும் செய்யுளாக அச்சாகும்.

வேலை சுத்தமாக நடக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐரோப்பிய இசைத்தாள்களைக் கையால் செதுக்கிய பழைய தொழிலாளிகளின் அழகைக் கணினியில் மீட்டுக் கொண்டுவந்தவர்கள் லில்லிபாண்டைச் செய்தவர்கள். பிரச்சினை அழகில் இல்லை. இந்த ஏற்பாட்டுக்குள் இரண்டு நம்பிக்கைகள் பேசப்படாமல் இருக்கின்றன: மெட்டு முதலில் வரும், சொல் பின்னால் வந்து அதில் ஒண்டிக்கொள்ளும் என்பது ஒன்று. முதல் கண்ணிதான் பாட்டு, மற்றவை அதன் பிரதிகள் என்பது இன்னொன்று. இவை கணினியோடு வந்தவை அல்ல. தேவாலயத்துப் பாட்டுப் புத்தகத்தின் பக்கம் இப்படித்தான் இருந்தது: நாலு குரல், அதன் நடுவே நாலு கண்ணி, ஒன்றன் கீழ் ஒன்றாக. நம்மிடம் இது கணினிக்கு முன்பே வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஃபப்ரீஷியஸ் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கியபோது ராகம் ஜெர்மனியுடையதாகவே இருந்தது. தமிழ்ச் சொல் அதற்குக் கீழே வந்து உட்கார்ந்தது. குறில் நீண்டது, நெடில் குறுகியது, யாரும் வழக்குப் போடவில்லை. வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளாக எழுதியது இதற்கான பதில் என்று வாசிக்கலாம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

*

மென்பொருள் கேட்கிற 'அசை' எது? இங்கேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. 'தங்கம்' என்றால் அது 'தங்', 'கம்' என்று இரண்டு துண்டு கேட்கும். சரி, யாப்பும் அதை நேர், நேர் என்றுதான் பிரிக்கும். 'கடல்' என்றால் மென்பொருளுக்கு இரண்டு துண்டு, இரண்டு ஸ்வரம். யாப்புக்கோ அது ஒரே நிரையசை. 'கடலோரம்' என்று புணர்ந்துவிட்டால் 'க', 'ட', 'லோ', 'ரம்'. கடல் எங்கே முடிந்தது, ஓரம் எங்கே தொடங்கியது என்று பக்கத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. பாடுகிறவருக்கு அது தெரியும். பக்கம் அதை அழித்துவிடுகிறது.

மெய்யெழுத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். நீட்டல் என்றால் உயிர் நீள்வது என்றுதான் அடிக்கோடு நினைத்துக்கொண்டிருக்கிறது. தமிழ்ப் பாட்டில் 'ம்' நீளும், 'ன்' நீளும், 'ல்' நீளும். தொல்காப்பியத்தின் நூன்மரபு எழுத்துக்கு மாத்திரை சொல்லி முடிக்கிற இடத்தில், இசையில் உயிர் தன் அளவைக் கடப்பதும் ஒற்றின் ஓசை நீள்வதும் உண்டு என்று சொல்லி, அதை இசைநூல்காரர் பொறுப்பில் விட்டுவிடுகிறது. ஒற்று நீள்கிறது என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்போ பின்போ ஒருத்தர் காதால் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். இன்றைய மென்பொருளில் ஒற்றுக்கென்று தனி ஸ்வரம் கொடுக்க வேண்டுமானால் அசையை நாமே உடைத்து 'க', 'ண்', 'ணு' என்று தட்ட வேண்டும். தட்டலாம், தடையில்லை. ஆனால் அப்படித் தட்டுகிறவர் எத்தனை பேர்?

கர்நாடக இசைக்காரர்கள் ஏன் இந்த மென்பொருள்களை விட்டுவிட்டு அட்டவணைக் கட்டங்களில் ஸரிகம தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே இருக்கிற கூத்து வேறு. மேல்ஸ்தாயி ஸ்வரத்துக்குத் தலையில் புள்ளி வைப்பது வழக்கம். தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து. மேல் ஸட்ஜம் 'ஸ்' ஆகிவிடுகிறது. உச்சத்தில் கூவ வேண்டிய ஸ்வரம் காகிதத்தில் உயிர் போய்க் கிடக்கிறது. இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் குறியீட்டு முறை எதுவும் வெற்றிடத்தில் இயங்குவதில்லை, ஒரு மொழியின் எழுத்தோடு முட்டிக்கொண்டுதான் இயங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

*

மெட்டை எழுதாமல் பாட்டை எழுதுகிற வழி தமிழில் இருந்ததா? இருந்தது. அதன் அச்சு வரலாறு செங்கல்பட்டோடு ஒட்டியது. 1871இல் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நடந்த வழக்கொன்றில் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் உரிமைக்கு ஆதாரமாகத் திருப்புகழ்ப் பாட்டொன்றை எடுத்துக்காட்டியதாகச் சொல்லப்படுகிறது. அதைக் கேட்ட நீதிமன்ற ஊழியர் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை (பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஊர் அவர் பெயரிலேயே இருக்கிறது) ஊர் ஊராக ஏடு தேடிப் புறப்பட்டார். 1894இல் முதல் பகுதி அச்சானது. அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை உரையோடு அந்த வேலையைத் தொடர்ந்தார். திருப்போரூருக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் அருணகிரிநாதர் பாடியவை இன்று நம் கையில் இருப்பது இப்படித்தான்.

அந்தப் பதிப்புகளின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பாட்டின் தலையில் 'தத்த', 'தந்த', 'தான' என்று ஒரு சந்தவரி ஓடும். ஸ்வரமில்லை, ராகமில்லை. பாடப்பட்ட பழைய மெட்டுகள் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் எந்த இடத்தில் குறில், எந்த இடத்தில் நெடில், ஒற்று வல்லினமா மெல்லினமா இடையினமா (தத்த, தந்த, தய்ய) என்பதுவரை அந்த வரி சொல்லிவிடுகிறது. அதாவது இங்கே சொல்தான் அளவுகோல், இசை அதன்மேல் வந்து உட்கார வேண்டும். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) கச்சேரியில் திருப்புகழைக் கடினமான தாளங்களில் நிறுத்திப் பாட முடிந்ததற்கும், பிற்காலத்தவர் அதே பாட்டை வேறு ராகத்தில் போட முடிந்ததற்கும் இடம் கொடுத்தது இந்த ஏற்பாடு. மென்பொருளின் பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இது வரும்.

இதைச் சொல்வதால் திருப்புகழ் மரபைத் தூக்கிக் கொண்டாட வேண்டியதில்லை. சந்தம் இரக்கமற்றது. ஒரு மாத்திரை பிசகினால் பாட்டு தள்ளுபடி. எல்லா அடியும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்கிற பிடிவாதத்தில் அது மென்பொருளுக்குக் கூடப்பிறந்ததுதான். தருமபுரத்து 'யாழ்முறி' கதையையும் இந்த இடத்தில் வைத்து யோசிக்கலாம். பதிகத்தின் புகழ் யாழால் வந்தது என்று பாணரின் சொந்தக்காரர்கள் சொல்லிவிட, யாழில் அடங்காத பாட்டொன்றைச் சம்பந்தர் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்க ஓங்குகிறார். சொல்லும் கருவியும் பொருந்தாமல் போனபோது உடைய வேண்டியது பாணர் கையில் இருந்த கருவி என்றுதான் புராணம் முடிவெடுக்கிறது. ஒரு பக்தரின் பணிவு என்று இதைப் படிப்பவர்கள், எந்தச் சாதியின் கையில் யாழ் இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

சந்தவரி வழிக்கு வெளியே இன்னொரு வழியும் இருந்தது: குஜிலிப் புத்தகத்தின் வழி. கொலைச்சிந்து, ரயில் சிந்து, புயல் சிந்து எல்லாம் காலணா அரையணாவுக்கு விற்ற காலத்தில் பாட்டின் தலையில் '... என்ற மெட்டு' என்று ஒரு வரிதான் இருக்கும். வாங்குகிறவர் காதில் அந்த மெட்டு ஏற்கெனவே இருக்கிறது என்ற நம்பிக்கை. நம் இயக்கப் பாட்டுப் புத்தகங்களும் அதே வழியில்தான் வந்தன. இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' கே.ஏ. குணசேகரன் குரலில் பரவியது. எந்த ஊர்க் குழுவும் ஸ்வரத்தாள் கேட்கவில்லை. சொல் காகிதத்தில், மெட்டு ஆளுங்க வாயில். அந்தக் காதுக்காரர்கள் இருக்கிற வரைக்கும்தான் இந்த வழி செல்லும் என்பது அதன் பலவீனம்.

*

இப்போது கடற்கரைக்கு வருவோம். மாசிமகப் பௌர்ணமிக்கு இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து கூடுகிறார்கள். சேலையைக் கட்டிக் கூடாரம். மணலில் ஏழு படி. கன்னியம்மனுக்குப் பூசை. விடியலில் கல்யாணங்கள். இரவு முழுக்கப் பாட்டும் சாமியாட்டமும். சாமியை அழைக்கிற பாட்டில் பேர் சேரச் சேர அடி நீளும். ஊர் பேர், செத்துப்போனவர் பேர், இன்றைக்குக் குறி கேட்க வந்தவர் பேர். ஒரு அடி எட்டு அசை, அடுத்தது பதினாலு. எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை எழுதிவைத்த தாளம் சொல்வதில்லை. சாமி வருகிறதா இல்லையா என்பது சொல்கிறது. இதில் 'முதல் கண்ணி' எது? எதற்கு ஸ்வரம் போட்டு எதைக் கீழே தள்ளுவது?

வலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டும் இப்படித்தான். ஒருத்தர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் 'ஏலேலோ' போடுகிற அமைப்பில் வலையின் கனம்தான் காலப்பிரமாணம். மீன் பட்டிருந்தால் பாட்டு மெதுவாகும். வலை காலியென்றால் கேலி கூடும். எடுத்துக்கொடுப்பவர் எந்தச் சொல்லையும் உள்ளே இழுத்துப் போடலாம், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற நம் சட்டையையும் சேர்த்து. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரம் போய் ஃபைபர் படகும் எஞ்சினும் நிறைந்துவிட்டன. பாட்டை இழுத்துக்கொண்டுவந்த வேலை குறைந்துபோன பின் பாட்டு நினைவில் மட்டும் நிற்கிறது. நினைவில் நிற்கிற பாட்டைப் பதிய வருகிறவர், பாடுகிற கிழவரிடம் 'இன்னொரு தடவை அதேமாதிரி பாடுங்க தாத்தா' என்கிறார். அதேமாதிரி என்று ஒன்று இருந்ததே இல்லை. மென்பொருளுக்கு அது தேவைப்படுகிறது, அதனால் தாத்தா கொடுக்க வேண்டியிருக்கிறது.

'அப்படின்னா எழுதவே வேணாம்னு சொல்றியா?' என்று தோழர்கள் கேட்பார்கள். இல்லை. வாய்மொழியைப் புனிதமாக்கி எழுத்தைப் பாவமாக்குகிற ரொமாண்டிசிசம் எழுத்து ஏற்கெனவே கைவசம் உள்ளவர்களுக்குத்தான் வசதி. தெரிதாவைத் தமிழில் இத்தனை வருஷம் பேசிய பிறகும் பேச்சு தூய்மை, எழுத்து களங்கம் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எழுதாதவர்களுக்கு என்ன நடந்தது என்பதைச் சட்டமே சொல்கிறது. 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தில் 'இசைப்படைப்பு' என்றால் அச்சிட்டதாக, எழுதியதாக, ஏதோ ஒரு வரைவடிவில் இருப்பதாக இருக்க வேண்டும் என்றே இருந்தது. 1994 திருத்தம் வரைக்கும் தாளில் ஏறாத மெட்டு இந்தியச் சட்டத்தின் கண்ணில் இசைப்படைப்பே இல்லை. திருத்தத்துக்குப் பிறகு எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையமைத்தவர் இசையமைத்தவரே. ஆனால் அதே வரையறை இன்னொன்றையும் செய்கிறது: இசையோடு பாடப்படுகிற சொல்லை இசைப்படைப்பிலிருந்து வெளியே நிறுத்துகிறது. ஸ்வரம் ஒரு படைப்பு, சொல் வேறொரு படைப்பு. லில்லிபாண்டின் இரண்டு பெட்டிகள் சட்டத்திலும் இருக்கின்றன. சாமியழைக்கிற பாட்டில் சொல்லை எடுத்துவிட்டால் மெட்டு என்று எதுவும் மிஞ்சாது என்பது இரண்டுக்கும் தெரியாது. சினிமாக்காரர் வந்து மெட்டை எடுத்துக்கொண்டு வேறு சொல் போட்டால் 'நாட்டுப்புற மெட்டு' என்று ஒரு வரியில் கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

எழுத்தின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1871 கோர்ட்டில் ஒரு பாட்டு ஆதாரமாக நின்றது என்றால் அந்தப் பாட்டுக்கு ஏடு இருந்தது, ஏட்டை வைத்திருந்தவர்களுக்குக் கோயில் இருந்தது. 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் மூத்தோர் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்தால் சான்றாக ஏற்கின்றன. வழிபாட்டு இடங்களும் அங்கே சான்றுதான். செங்கல்பட்டின் காட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் பட்டா இல்லாமல் குடியிருக்கிற இருளருக்கு, தங்கள் கன்னிமார் எந்தப் புற்றில், எந்த மரத்தடியில், எந்த மடுவில் இருக்கிறார்கள் என்று பேர் பேராகச் சொல்கிற பாட்டு வெறும் கலை இல்லை. அந்தப் பேர்கள் வருவது பெரும்பாலும் முதல் கண்ணியில் அல்ல. முதலில் பொதுவான அழைப்பு வரும். இடமும் ஆளும் பின்னால்தான் வரும், நாலாவதில், ஏழாவதில். 'இதே மெட்டில்' என்று நாம் பொடி எழுத்தில் கீழே தள்ளுகிறவை, அல்லது பக்கம் போதாமல் 'இப்படியே தொடரும்' என்று வெட்டிவிடுகிறவை அவைதான்.

ஆகவே வேலைமுறையை மாற்ற வேண்டும். லில்லிபாண்டில் ஒற்றைக்கோட்டில் தாளத்தை மட்டும் எழுதுகிற வசதி இருக்கிறது ('ரிதமிக் ஸ்டாஃப்' என்று பெயர்). அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணிக்கும் அதன் சொல்லிலிருந்தே கோட்டை எழுதலாம். பதினாலு அசை வந்தால் அந்தக் கண்ணியின் கோடு நீளட்டும், தாளக்கட்டுக்கோடு போடாமல் விடுங்கள். ஒற்று நீண்டால் ஒற்றுக்கு இடம் கொடுங்கள். சந்தவரியை மேலே ஓடவிடலாம், அளவுகோலாக அல்ல, பாடினதைக் கேட்டு எழுதின குறிப்பாக. ஸ்வரம் வேண்டுமென்றால் அப்புறம், தெளிவாகக் கேட்கிற இடத்தில் மட்டும். எடுத்துக்கொடுக்கிற குரலையும் ஏற்றுப்பாடுகிற குரல்களையும் தனித்தனி வரியில் வையுங்கள். இதே பாட்டை அவரே அடுத்த மாசிமகத்தில் வேறுமாதிரி பாடினால் அதையும் அச்சிடுங்கள், 'பாடபேதம்' என்று அடிக்குறிப்பில் அல்ல, பக்கத்துக்குப் பக்கம் சமமாக. பாடினவர் பேர் போட வேண்டுமா என்பதை அவரையே கேட்க வேண்டும். சாமிப் பாட்டில் சில அடிகளை வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அவர் சொன்னால் அந்த இடத்தில் வெற்றுக்கோடு நிற்கட்டும்.

இப்படிப் போட்டால் பன்னிரண்டு கண்ணிப் பாட்டு ஆறு பக்கம் தின்னும். நூறு பாட்டுக்குத் தொகுப்பு மூன்று பாகம். பதிப்பாளர் முகம் சுளிப்பார், 'முதல் கண்ணிக்குப் போடுங்க, மிச்சத்தை வாசகர் பாடிக்குவார்' என்பார். எந்த வாசகர் என்று அவரிடம் கேட்க வேண்டும். பாடிக்கொள்ளத் தெரிந்தவர்கள் நம் புத்தகத்தை வாங்கப்போவதில்லை, அவர்களுக்கு அது தேவையுமில்லை. வாங்கப்போகிற நமக்கும், நாளைக்குத் தாசில்தார் மேஜையில் இதைப் புரட்டப்போகிறவருக்கும் பாடத் தெரியாது. நூறு பாட்டு வேண்டாம், பதினைந்து போதும் என்று தொடங்கலாம். பதினைந்தும் முழுசாக இருக்கட்டும், கடைசிக் கண்ணி வரைக்கும்.